குன்றக் குரவையைத் தில்லையில் ஆடுவார் யார்?

தில்லையில் ஆண்டுதோறும் மாசித் திங்களிற் சிவனிரவையொட்டி ஆடல்விழா நடந்து வருகின்றது. 1981-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற விழா. ‘நாட்டியாஞ்சலி’ என்பது அதற்கு இட்ட பெயர். நாட்டின் பல மூலைகளினின்றும் கடல் கடந்த நாடுகளினின்றும் ஆடற்கலைஞர் வந்து, கூத்தப்பெருமான் பெயரால் தம் கலையைப் படைத்துச் செல்கின்றனர். அவருட் பலர் தனியாட்டக்காரர். ஒருவரே நின்று, தம் உடலொன்றனாலேயே ஒரு மேடையை நிரப்பிக் காட்டுவது எளிய செயலன்று. பத்தாண்டும் பன்னீராண்டும் காலும் கையும் கண்ணும் பழகினாலன்றி அது கைவராது. அவ்வுழைப்பைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. தமிழ்மண்ணில், தமிழர் எடுப்பித்த கோயிலின் பெயரால் நடக்கும் அவ்விழாவில், தமிழனின் முதல் ஆடலாகிய மலையாடலுக்கு இடம் எங்கே என்பதே நம் வினா.

இவ்வினா எழுந்ததற்குக் கரணியம் தொலைநாட்டுச் செய்தியொன்று. வடவாப்பிரிக்காவில் மொரோக்கோ நாட்டு மராக்கேசு நகரிற் பிறந்து, பெல்சியத்துப் பிரசெல்சிலிருந்து பணியாற்றி வரும் இரதுவான் மிரிசீகா என்னும் ஆடலமைப்பாளர், ‘அட்லசு – மலை’ என்னும் பெயரில் தனியாட்டம் ஒன்றை அமைத்துள்ளார். தம் முன்னோராகிய அமாசிகு மக்களின் மலைவாழ்வும், பாட்டும், நெசவுக் கோலமும், கதையும் தம் ஆடலுக்கு ஊற்றென வெளிப்படையாகச் சொல்பவர் அவர். அதற்கு முன்னர் அவர் அமைத்த ஆடல்களின் பெயர்களைக் கேளுங்கள்: தபுக்து, அயூர், அகால். முறையே ஞாயிறு, திங்கள், நிலம் என்பன பொருள். மூன்றும் அமாசிகுச் சொற்கள். ஐரோப்பிய அரங்குகளில், அயலார் நடுவில் ஆடுகின்றவர், தம் தாய்மொழிச் சொல்லையே ஆடலுக்குப் பெயராகச் சூட்டுகின்றார். அதனால் எந்த அரங்கும் அவரைப் புறந்தள்ளிவிடவில்லை.

அம்மக்கள் யாவர் என்பதைச் சற்றே விரித்துரைத்தல் தகும். நம் அன்பருட் பலர் அப்பெயரையே கேட்டிருக்கமாட்டார். வடவாப்பிரிக்காவின் பழங்குடியினர் அவர். அட்லசு, இரீபு, கபிலியா முதலிய மலைப்பகுதிகளிலும் பாலைப் பெருவெளியிலும் வாழ்பவர். உலகம் அவரைப் ‘பெர்பர்’ என்று அழைத்தது. அது கிரேக்கரும் உரோமரும் தம்மொழி பேசாதாரையெல்லாம் இழித்துக் கூறிய சொல்லின் வழிவந்த பெயர். ‘அமாசிகு’ என்பதே அவர் தமக்குத் தாமே வழங்கும் பெயர். ‘தன்னுரிமை உடையோன்’ என்பது அதற்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். இழிபெயரை எறிந்துவிட்டுத் தம் பெயரை மீட்டுக்கொண்டனர்.

அம்மீட்பும் எளிதிற் கிட்டிற்றன்று. 1980-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் அல்சீரிய நாட்டுத் திசி உசூ பல்கலைக்கழகத்தில் மூலூது மம்மேரி என்னும் அறிஞர், கபிலிய மக்களின் பழம்பாடல்களைப் பற்றி உரையாற்றவிருந்தார். அரசு அவ்வுரையைத் தடுத்தது. ஒரு பாட்டுரைக்குத் தடை! மாணவர் கொதித்தெழுந்தனர், ஏப்பிரல் 20-ஆம் நாள் படையினர் பல்கலைக்கழகத்துட் புகுந்தனர். ‘அமாசிகு இளவேனில்’ என அம்மக்கள் இன்றும் நினைவுகூரும் கிளர்ச்சி அதுவே. 2002-இல் அல்சீரியா அம்மொழியை நாட்டுமொழிகளுள் ஒன்றாகவும், 2016-இல் ஆட்சிமொழியாகவும் ஏற்றது. மொரோக்கோவில் 2003-இல் பள்ளிப் பயிற்சிக்குத் ‘திபினாகு’ என்னும் அவர்தம் பண்டை எழுத்தே தேர்ந்துகொள்ளப்பட்டது. 2011-இல் அரசியலமைப்பு அம்மொழியை ஆட்சிமொழியாக்கிற்று. பழம்பாட்டைப் பற்றிய ஒரு சொற்பொழிவைக் காக்க எழுந்தவர்கள் முப்பத்தாறாண்டில் ஆட்சிமொழி பெற்றனர் என்பதைத் தமிழர் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அவர் நமக்கு உறவினர் என்று யாரும் மார்தட்ட வேண்டா. அவர் மொழி பண்டை எகிபதியத்திற்கும் அரபிற்கும் உறவான குடும்பத்தைச் சார்ந்தது, தமிழ்க்குடும்பம் வேறு. எங்கெங்கோ உறவு தேடி நம் வழக்கை நாமே நகைப்புக்கிடமாக்கிக் கொண்டது போதும். உறவில்லாவிடத்தும் படிப்பினை உண்டு.

அட்லசு மலையூர்களில் ‘அகுவாசு’, ‘அகிதூசு’ என்னும் குழுவாடல்கள் உண்டு. ஊரார் தோளோடு தோள் நெருக்கி வரிசையாகவோ வட்டமாகவோ நின்று, ஒருபக்கத் தோலிசைக் கருவிகள் முழங்கப் பாடி ஆடுவர். படித்த அளவில் நமக்கு நினைவிற்கு வந்தது குரவை. எழுவரோ ஒன்பதின்மரோ கைகோத்து ஆடுவது குரவையென நம் பழைய உரைகள் இலக்கணம் கூறுகின்றன. மலைதோறும் அது நிகழ்ந்தது. மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி. அதன் தெய்வம் சேயோன். அதன் பறை தொண்டகம். வேலன் வெறியாடினான், குறமகளிர் குரவை பிணைந்தனர். முருகாற்றுப்படை முருகனின் இருப்பிடங்களைச் சொல்லி வருகையில், குன்றுதோறும் அவன் ஆடுதலையே ஓர் இடமாக வைத்து எண்ணுகின்றது. ஆடுதலையே உறைவிடமாகக் கொண்ட தெய்வத்தை மலைமக்களன்றி வேறு யார் எண்ணியிருக்கக் கூடும்?

சிலம்பின் இருபத்துநான்காம் காதை குன்றக் குரவை. வேங்கை நிழலில் ஒரு முலையிழந்து நின்ற கண்ணகி விண்ணுக்குச் சென்றதை முதலிற் கண்டவர் அரசரல்லர், அந்தணரல்லர், வணிகரல்லர், குன்றக் குறவர். கண்டவுடன் அவர் செய்ததென்ன? தம் சிறுகுடியோரைக் கூவி அழைத்தனர், தொண்டகம் தொட்டனர், சிறுபறை முழக்கினர், கொம்பு ஊதினர், குரவை ஆடினர். செங்குட்டுவன் கல்லெடுத்ததும் கோயில் சமைத்ததும் பின்னரே. கண்ணகிக்கு முதல் வழிபாடு ஆடலாக நடந்தது. அதனை நடத்தியவர் மலைமக்கள். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் வாயிலிலேயே இதனை வைத்திருப்பது எதற்கென்று ஆடலாசிரியர் ஒருவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

‘குரவை குழுவாடல், எங்கள் பிள்ளைகளோ தனியாட்டம் பயில்பவர்’ என்று விடையிறுப்பாரும் உளர். அதற்கும் சிலம்பிலேயே மறுமொழி உண்டு. மாதவி ஐந்தாம் அகவையிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னீரகவையில் அரங்கேறினாள். எண்கோல் நீளமும் எழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கு அது. தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். பின்னர்க் கடலாடு காதையில் அவளொருத்தியே ஆடிய பதினோராடல்களுள் முருகனுக்குரிய துடியும் குடையும் உள. மாயோனின் குடம் உளது. கொற்றவையின் மரக்கால் உளது. நின்றாடுவன ஆறு, வீழ்ந்தாடுவன ஐந்து எனப் பகுப்பும் உண்டு. வெவ்வேறு தெய்வங்களுக்குரிய ஆடல்களை ஒருத்தியின் உடல் ஏந்தி நின்றது. அவ்வளவிற்கும் மேலே ஒருவன் உளன்: பறையூர்க் கூத்தச் சாக்கையன். வடநாட்டினின்று வெற்றியோடு மீண்ட சேரன் முன்னர்க் கொட்டிச்சேதம் ஆடினான். ஓருடலின் ஒருபாதி இறைவனாய்ச் சுழல, மறுபாதி உமையாய் அசையாது நின்றதென்று நடுகற்காதை கூறும். தனியாட்டத்திற்கு இதனினும் மேலான ஓர் எல்லையை இற்றை உலக அரங்கிலும் யாரும் தொட்டதாக யாம் அறியோம்.

இனி, மலைக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தில் மலை ஏது என்று கேட்பீர்கள். கடலூர் கடற்கரையூர், தில்லை வயலூர், இடைப்பட்ட நிலம் கைத்தலம் போற் சமநிலம். ஆயினும் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ‘முதுகுன்றம்’ என்றோர் ஊர் உண்டு. மணிமுத்தாற்றங்கரையூர். சம்பந்தரும் சுந்தரரும் அப்பெயராலேயே பாடினர். அவ்வூர் இறைவர் பழமலைநாதர். எல்லா மலைக்கும் முந்திய மலை அவ்விடத்தே மண்ணுள் மறைந்திருக்கின்றதென்பது வழிவழி நம்பிக்கை. ‘முதுகுன்றம்’ எத்துணைப் பொருள்நிறைந்த சொல்! அதனைத்தான் ‘விருத்தாசலம்’ ஆக்கினர். பழமலைநாதரை ‘விருத்தகிரீசுவரர்’ ஆக்கினர். கண்ணுக்குத் தெரியாத மலையைப் பெயரிலாவது வைத்துக் காத்தான் தமிழன். பெயரிலிருந்தும் பெயர்த்தெடுத்தனர் பிற்காலத்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் அப்பெயர்க்குப் பொருள் யாதென ஒருநாள் வினவினோம். ‘விருந்துக்குப் பேர்போன ஊராக இருக்கும், ஐயா’ என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது, எமக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகுன்றம் என்று இருந்திருந்தால் அவன் தவறியிருக்கமாட்டான். கூடலூர் கடலூரானதும் அவனுக்குத் தெரியாது. அது வேறு கதை.

அம்முதுகுன்றத்துக் கோயிலின் கோபுரங்களில் ஆடற்கரணங்களைக் கற்படிமங்களாகச் செதுக்கியுள்ளனர். தஞ்சைப் பெருங்கோயில், குடந்தைச் சாரங்கபாணி கோயில், திருவண்ணாமலை, தில்லை, முதுகுன்றம் என ஆடற்கரணத் தொகுதிகள் உள்ள ஐந்திடங்களுள் இரண்டு நம் மாவட்டத்தில் உள்ளன. தஞ்சையில் நூற்றெட்டில் எண்பத்தொன்றே முற்றுப்பெற்றன. எஞ்சிய இருபத்தேழு கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அங்கு ஆடுபவர் நான்கு கையுடைய இறைவர். தில்லைக் கோபுர வாயில்களிலோ ஆடுபவள் ஒரு பெண். கட்டத்திற்கு ஒருத்தி, அருகே முழவர். கோபுர வாயிலிற் கடந்து செல்லும் மக்கள் அண்ணாந்து பாராமலே போகின்றனர். நூற்றெட்டுத் தனியாட்டங்கள் அவர் தலைக்குமேல் நடந்துகொண்டிருக்கின்றன.

ஒன்றை மறைக்காமற் கூறிவிடுகின்றோம். தில்லைக் கிழக்குக் கோபுரத்தில் அக்கரணங்களோடு வடமொழி நாட்டிய நூலின் நூற்பாக்கள் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அதனைக் காட்டி ‘ஆடற்கலை வடமொழியின் கொடை’ என்பார் உளர். கல்லில் உள்ளதை இல்லையென்று மறுப்பது நம் வேலையன்று. அப்பொறிப்பு எப்போது வந்தது என்பதே கேட்கத் தக்கது. அக்கோபுரம் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் காலத்ததென ஆய்வாளர் கருதுவர். அஃதாவது பதின்மூன்றாம் நூற்றாண்டு. ‘பரதம் வல்ல பெருமாள்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட வேந்தன் அவன். சேந்தமங்கலத்திலிருந்து ஆண்டவன், நம் பக்கத்தவன். அவனுக்குப் பன்னெடுங்காலம் முன்னரே அரங்கின் அளவும் ஆடலாசிரியன் இலக்கணமும் தண்ணுமையோன் இலக்கணமும் தமிழில் நூலாகிவிட்டன. அரங்கேற்று காதையே அதற்குச் சான்று. அடியார்க்குநல்லார் தம் காலத்திற்கு முன்னரே இறந்துபட்ட கூத்துநூல்கள் சிலவற்றைப் பெயர் கூறுகின்றார்: முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம். இவை போதும். 1968-இல் ‘கூத்தநூல்’ என்று வெளிவந்ததன் பழமை அறிஞரிடையே ஐயத்திற்குரியது. ஐயத்திற்குரியதைத் தூக்கிப் பிடித்து உறுதியான சான்றையும் இழக்க வேண்டா என்று நம் இளைஞர்க்கு ஒரு சொல்.

கல்லில் ஆடிய பெண் தெருவிலும் இருந்தாள். இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து அமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் வந்த ஊரும், அவள் வீட்டின் இடமும் கல்வெட்டில் உள்ளன. ஆளுக்கு ஆண்டிற்கு நூறுகலம் நெல். அவர் வழியினர் பிற்காலத்தில் அடைந்த சீரழிவு நாடறிந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது, ஒழிய வேண்டியதே. ஆனால் அதனோடு நடந்த இன்னொன்றைப் பலரும் பேசுவதில்லை. 1930-களில் ‘சதிர்’ என்ற பெயர் நீக்கப்பட்டுப் ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் நிலைநாட்டப்பட்டது. சதிர் என்பதும் மராட்டியர் அவைவழி வந்த சொல் என்பர். அதற்காக யாம் அழவில்லை. பெயர் மாறியபோது மேடையேறியவரும் மாறினர் என்பதே வருத்தம். ஆட்டத்தை எடுத்துக்கொண்டனர், ஆட்டத்தை ஆயிரமாண்டு காத்தவளை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். பாலசரசுவதி (1918–1984) போன்ற ஒரு சிலரே அவ்வாயிலைத் தம் ஆற்றலால் திறந்து உட்புகுந்தனர்.

மலையாடலின் நிலை அதனினும் கீழ். அண்மையிற் கடலூரில் ஒரு சிறுமியின் அரங்கேற்றத்திற்குச் சென்றிருந்தோம். நன்றாக ஆடினாள். நிகழ்ச்சி முற்றும் ஆங்கிலத்தில் அறிவிக்கப்பட்டது. ஐந்தாவது உருப்படி குறத்தியாட்டம். மலைவளம் கூறிக் குறிசொல்லும் அக்குறத்தியை அறிவிப்பாளர் அவைக்கு அறிமுகப்படுத்திய சொல் என்ன தெரியுமா? ‘சிப்சி’! ஐரோப்பியத் தெருக்களில் அலைந்த ஒரு மக்களை ஐரோப்பியர் இழித்து வழங்கிய பெயர். அமாசிகு மக்கள் தம்மீது பிறர் ஒட்டிய இழிபெயரை நூற்றாண்டுகள் போராடிக் கிழித்தெறிந்தனர். நாமோ வள்ளி பிறந்த குடியின் பெண்ணுக்கு, திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் மலையளவு உயர்த்திவைத்த அப்பெண்ணுக்கு, அயலான் குப்பையிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கி வந்து சூட்டுகின்றோம். அவையிலிருந்த தமிழாசிரியர் மூவர், மூவரும் கைதட்டினர்.

சுந்தரர் முதுகுன்றத்திற் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடும் பழமொழி அதன்வழி வந்ததென்பர். அவர்க்கு இறைவன் துணையிருந்தான், கிடைத்தது. நாம் குரவையைக் கல்வராயன் மலையிற் கைவிட்டுவிட்டு, வடமொழிச் சுவடியிலும் வெளிநாட்டு அரங்கிலும் தேடினால் கிடைக்குமா?

கல்வராயன் மலை இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளது. முன்னர் நம்மோடு ஒரே தென்னார்க்காட்டில் இருந்ததே. முதுகுன்றத்தைத் தழுவி ஓடும் மணிமுத்தாறு அம்மலையிற் பிறப்பது. அங்கு வாழும் மலைமக்கள் தம் ஊர்த் திருவிழாக்களிற் பறைமுழக்கிற்கு இன்றும் ஆடுகின்றனர். நீலமலையில் தோடர்க்கும் கோத்தர்க்கும் இருளர்க்கும் தத்தம் ஆடல் உண்டு. கொங்குநாட்டில் வள்ளிகும்மி ஊர்தோறும் மீண்டும் எழுந்துள்ளது. 2024-இல் அக்கலையின் ஆசான் பத்திரப்பன் அவர்கட்கு இந்திய அரசின் தாமரைத்திரு விருதும் வந்தது. குறமகள் வள்ளியின் கதையை ஆயிரவர் ஒருங்கு ஆடுவதைக் கண்ட கண்கள், அதே வள்ளியைத் தில்லை மேடையில் ஒருத்தியாய்க் காண விரும்பாவோ?

மிரிசீகா செய்ததையே நம் பிள்ளைகளும் செய்யலாகும். ஆனால் மலையாடலை மேடைக்குக் கொணர்வதென்பது குறவர் உடையை வாங்கி உடுத்துக்கொள்வதன்று. பாசிமணியும் கூடையும் குறத்தியை ஆக்கா. மலைக்குச் சென்று, அம்மக்களின் அடவு எவ்வாறு நிலத்தில் ஊன்றுகின்றது, பறையின் எந்த அடிக்கு எந்தக் கால் எழுகின்றது, வட்டம் எப்பக்கமாகச் சுழல்கின்றது என்று அவரிடமே கற்றல் வேண்டும். கற்பித்தவரின் பெயரை அறிவிப்பில் முதலாகச் சொல்லுதல் வேண்டும். கூலியும் கொடுத்தல் வேண்டும். சதிரில் நடந்தது மலையாடலிலும் நடக்கவிடலாகாது. ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆடியவரை மறக்கும் தொழிலுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டால் அது அறமாகிவிடாது.

பாட்டிற்குப் பஞ்சமில்லை. சிலம்பின் குன்றக் குரவை முழுவதும் பாடுதற்கென்றே அமைந்தது. தில்லைக் கூத்தனைப் பாட வேண்டுமாயின் சீர்காழி முத்துத்தாண்டவரும் தில்லைவிடங்கன் மாரிமுத்துப் பிள்ளையும் உளர். தமிழ்ப்பாட்டு மேடைக்கு ஆகாதென்ற காலத்தில், 1941-இல் இதே தில்லையின் அண்ணாமலை நகரில்தான் தமிழிசை மாநாடு கூடிற்று. இசைக்கு அன்று கிட்டிய தெளிவு ஆடலுக்கு இன்னும் கிட்டவில்லை. ஆடலரங்கில் இன்றும் தமிழ் ‘ஈற்றிலொரு துக்கடா’வாகவே நிற்கின்றது. தில்லைக் கோயிற் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுதற்கே 2008-ஆம் ஆண்டு அரசாணை வேண்டியிருந்தது என்றால், தமிழாடலுக்கு யார் ஆணையிடப் போகின்றனர்? பெற்றோர் கேட்டால் ஆசிரியர் கற்பிப்பார். அரங்கேற்றத்திற்கு இலக்கக்கணக்கில் செலவிடும் பெற்றோர், தம் மகள் எந்த மொழிப் பாட்டிற்கு அபிநயம் பிடிக்கின்றாள், அதன் பொருள் அவளுக்குத் தெரியுமா என்று ஒருமுறை கேட்கட்டும்.

கடலூர், தில்லை, முதுகுன்றம் வட்டங்களிலுள்ள ஆடலாசிரியர்களை வேண்டுகின்றோம். வரும் மாசிக்குள் ஒரு பிள்ளைக்கேனும் குன்றக் குரவையைத் தனியாட்டமாக அமைத்துத் தாருங்கள். பாடலின் பொருளும் சொல்விளக்கமும் யாம் எழுதித் தருவோம். தமிழறிவிப்பும் எழுதித் தருவோம். கல்வராயன் மலையைச் சேர்ந்த எம் பழைய மாணவர் இருவர், வருவோரைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்று தங்கவைக்க ஒருப்பட்டுள்ளனர். அறுவடை முடிந்து அவ்வூர்த் திருவிழா தொடங்குமுன்னர்ச் சென்றால் நின்று கற்கலாம் என்கின்றனர். ஆகலின் செல்ல விரும்புவோர் தை பிறக்குமுன் எமக்கு எழுதுக.